நாவலூரில் வாங்கிய டிலே

சிட்டிபாபுவின் ஃபோன் வந்தபோது ஷீலா ஷிஃப்ட் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை அவளுக்கு. சிட்டிபாபு முடிச்சூர் பக்கம் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காதுகுத்து என்று எதையும் விடமாட்டார்.

"ஷீலா, நம்ம கிட்டாரிஸ்ட் துபாய்க்குப் போயிட்டான்மா, சொல்லாம கொள்ளாம. வர ஞாயித்துக்கிழமை வுட்டு அடுத்த ஞாயிறு பெருங்களத்தூர்ல ஒரு ரிசப்ஷன் கீது. வாசிக்கிறியா?"

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் அவள் வாசித்ததை அவர் கேட்டிருந்தார். பத்து வருடமாகப் பாடகர் குழுவில் வாசிக்கிறாள். ஆனால் சர்ச்சுக்கு வெளியே ஒரு மேடை கூட ஏறியதில்லை. யோசிப்பதற்கு முன்பே வாய் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டது.

"ஆனா எஃபெக்ட்ஸ் எல்லாம் நீதான் எடுத்துக்கினு வரணும். குத்துப்பாட்டுக்கு டிஸ்டார்ஷன் இல்லாம முடியாது. அந்த மெலடி பாட்டுக்கு ஸ்டார்ட்டிங்ல எகோ பிட்டு வரணும். நல்லா வந்துச்சுன்னா இனிமே நீதான் நம்ம பார்ட்டி கிட்டாரிஸ்ட்."

பிரச்சினை அங்கேதான் இருந்தது. அவளிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒலியைப் பெருக்கும் சின்ன ஆம்ப்பும் உண்டு. எஃபெக்ட்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. அவை காலால் மிதித்து இயக்குகிற சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். கிட்டாரிலிருந்து வரும் ஒலி அவற்றுக்குள் நுழைந்து வெளிவரும்போது ஒரு பெட்டி அதைக் கரகரப்பாக்கும், இன்னொன்று எதிரொலிக்க வைக்கும். எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்திவிட்டால் அது பெடல்போர்டு. புதிதாக வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அவள் கையில் இருந்ததோ சீட்டு எடுத்து, மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியது போக மிஞ்சியது.

கரகரப்பாக்கும் பெட்டியான டிஸ்டார்ஷன் சுலபமாகக் கிடைத்தது. சேலையூரில் தீனா என்று ஒரு கல்லூரிப் பையன் புதுசு வாங்கிவிட்டுப் பழையதை விற்றுக்கொண்டிருந்தான். அதில் ஒரு குமிழைக் காணோம். "சவுண்டு சூப்பரா இருக்கும்க்கா, அதை மட்டும் பிளையர் வச்சுத் திருகணும்" என்றான். ஷீலாவின் கணவன் பிரிட்டோ அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் வேலை செய்கிறவன். ஜன்னலுக்குப் போடும் ரப்பர் புஷ் ஒன்றை அதில் செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

எதிரொலிப் பெட்டிதான் கைக்கு எட்டவில்லை. டிலே என்பார்கள் அதை. பழையதுகூட அவள் பணத்துக்கு மேல் இருந்தது. நான்காம் நாள், பழைய சாமான் விற்கும் ஆப்பில் நாவலூரிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. நல்ல டிலே. விலை பாதிகூட இல்லை. ஷீலா அன்றைக்கே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று நெரிசலில் நீந்திப் போனாள்.

ஏழாவது மாடியில் கதவைத் திறந்தவள் பெயர் கோகிலவாணி. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஹாலில் நடைவண்டி, டயப்பர் மூட்டை, மடிக்காத துணி. டிலே ஒரு பிளாஸ்டிக் பையில் ஷூ அலமாரி மேல் தயாராக இருந்தது.

"எதுக்கு மேடம் விக்கிறீங்க?"

"யாரும் வாசிக்கறதில்ல. ஒரு வருஷமா லாஃப்ட்ல கிடக்கு. குழந்தை சாமானுக்கே இடம் இல்ல."

விலையைப் பார்த்தபோதே ஷீலாவுக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இவ்வளவு குறைவாக யாராவது தருவார்களா? ஆனால் கேட்டால் விலை ஏறிவிடுமோ என்று பயம். பணத்தை அனுப்பினாள், பையை வாங்கினாள், லிஃப்டில் இறங்கிவிட்டாள்.

மிச்சமான அலுமினியச் சட்டங்களை வெட்டி பிரிட்டோ ஒரு போர்டு செய்து கொடுத்தான். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து, கால் வைக்க வாகாக இருந்தது. ஷீலா வெல்க்ரோ ஒட்டிப் பெட்டிகளை வைத்தாள். ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரியும் ஒயரால் இரண்டுக்கும் கரெண்ட் கொடுத்தாள். மெலடியின் ஆரம்பத்தை வாசித்துப் பார்த்தாள். ஒரு சுரம் தட்டினால் அது மூன்று நான்கு முறை திரும்ப வந்து, தேய்ந்து மறைந்தது. பிரிட்டோ சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ ஒருவாட்டிதான அடிச்ச?"

"ஆமா."

"மிச்சம் எல்லாம் அதுவா வாசிக்குதா? செம ஆளுடி இது."

ஆனால் டிஸ்டார்ஷனை மிதித்ததும் ஆம்ப் 'ஙொய்ய்' என்று கத்தியது. ஷீலா ஒயர்களை மாற்றிப் பார்த்தாள், பிளக் பாயிண்ட்டை மாற்றினாள். டிலேயைக் கழற்றினால் கீச்சென்ற சத்தம் நின்றது. அடியில் ஓடிய உறுமல் மட்டும் நிற்கவில்லை. வியாழக்கிழமை ரிகர்சலில் குத்துப்பாட்டு ஓடும்போது தெரியவில்லை. பாட்டு நிற்கும் இடத்தில் எல்லாம் அவளுடைய ஆம்ப் மட்டும் தனியாக இரைந்துகொண்டிருந்தது.

"இன்னாமா இது, மிக்ஸி ஓடுற மாதிரி கீது?" என்றார் சிட்டிபாபு. "பொண்ணு வூட்டுக்காரங்க வக்கீலுங்க. மேடையில இப்படி வந்துச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா சொல்லிடு, வேற ஆளு பாத்துக்குறேன்."

வெள்ளிக்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஷீலா மேடமா? என் பேர் அனந்தகிருஷ்ணன். நாவலூர்லேர்ந்து பேசறேன். நீங்க எங்க வீட்லேர்ந்து ஒரு டிலே வாங்கினீங்க இல்லையா, அது என்னோடது. என் வைஃப் எங்கிட்ட கேக்காம வித்துட்டாங்க. நேத்துதான் பார்த்தேன். நீங்க குடுத்த காசு, மேல கொஞ்சம் சேத்துத் தரேன். திருப்பித் தர முடியுமா?"

ஷீலாவுக்கு முகம் சூடாகிவிட்டது. "சார், நான் காசு குடுத்து வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எனக்கு ஃபங்ஷன். இப்ப வந்து கேட்டா நான் எங்க போவேன்?"

"புரியுது மேடம். தப்பு உங்களோடது இல்ல. சாரி." அவர் வற்புறுத்தவில்லை. ஃபோனை வைத்துவிட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிரிட்டோவிடம் சொன்னபோது அவன் சட்டென்று முடித்தான். "நீ இன்னா திருடிக்கினா வந்த? புருஷன் பொண்டாட்டி பிரச்சினை. அவங்களே பாத்துக்கட்டும். வுடு."

அது நியாயம்தான். அன்று முழுவதும் அந்த நியாயத்தைத் தனக்குள் சொல்லிக்கொண்டே ஷீலா வேலை பார்த்தாள். ஊசி குத்தினாள், மெஷினை செட் செய்தாள், பி.பி. எழுதினாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. தான் டியூட்டியில் இருக்கும் நேரத்தில், கட்டிலுக்கு அடியில் இடம் அடைக்கிறது என்று பிரிட்டோ தன் கிட்டாரை யாருக்காவது தூக்கிக் கொடுத்திருந்தால்? வாங்கியவள் ஃபோனில், "காசு குடுத்தேன் சார்" என்று சொல்லியிருந்தால்? டப்பாவை மூடிவிட்டு அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

சனிக்கிழமை மதியம் அனந்தகிருஷ்ணன் மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையின் பட்டை சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. செருப்பைக் கழற்றியவர் கண்ணில் முதலில் பட்டது தரையில் கிடந்த போர்டுதான்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் சார்" என்றான் பிரிட்டோ. அவனுக்கு இந்த வருகையே பிடிக்கவில்லை. கதவோரம் கைகட்டி நின்றான். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னான். "ஜன்னல் செக்‌ஷன். வேஸ்ட் பீஸு."

"நல்லா இருக்கு."

ஷீலா தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே பேசினார். "அவங்க மேல தப்பு இல்லங்க. இதெல்லாம் எதுக்கு, வித்துடலாம்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். சொன்னதை அவங்க செஞ்சுட்டாங்க. குழந்தை பிறந்ததுக்கப்புறம் நான் கிட்டாரைத் தொடவே இல்ல. ஆனா மேல அது இருக்குன்னு தெரியும். என்னைக்காவது எடுத்துக்கலாம்னு இருந்துச்சு. லாஃப்ட்டைத் திறந்து பார்த்தா இல்ல."

பிரிட்டோ கட்டியிருந்த கையை இறக்கினான்.

"எடுத்துக்கோங்க சார்" என்றாள் ஷீலா. குனிந்து டிலேயை வெல்க்ரோவிலிருந்து பிய்த்தாள். பிய்க்கும்போது கை பட்டு டிஸ்டார்ஷன் அமுங்கியது; ஆம்ப் ஆனில் இருந்ததால் அந்த இரைச்சல் அறை முழுக்கப் பரவியது.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "எப்பவுமே இப்படித்தான் கத்துதா?" அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுதான் காரணம். ஒரே அடாப்டர்ல எல்லாத்தையும் தொங்கவிட்டா ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுக்குள்ள போயிடும். இந்த அடாப்டரும் சுமார்தான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கரெண்ட் குடுக்கற பவர் சப்ளை வேணும்."

"தெரியும் சார். பார்த்தேன். டிலேயை விட அது விலை ஜாஸ்தி."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் நிறுத்தினார்.

ஷீலா அந்த இடைவெளியை விடவில்லை. "அப்ப அதைக் குடுங்க. எனக்குக் காசு வேணாம். டிலே உங்களுக்கு, பவர் சப்ளை எனக்கு."

"அது கொஞ்சம் காஸ்ட்லிங்க."

"டிலேயும் நான் வாங்கின விலைக்குக் கிடைக்கிற சாமானா சார்? டிஸ்டார்ஷன் இல்லாம டிலே மட்டும் வாசிச்சா உறுமாது, எங்கிட்ட இருக்கிற இந்த அடாப்டரே உங்களுக்குப் போதும். எடுத்துக்கினு போங்க."

அனந்தகிருஷ்ணன் சிரித்துவிட்டார். பிரிட்டோவும் சிரித்தான். அவர்கள் இருவரும் பைக்கில் நாவலூர் போனார்கள். சாயங்காலத்துக்குள் பவர் சப்ளை வந்து சேர்ந்தது. செங்கல்லில் பாதி அளவு, கறுப்புப் பெட்டி. ஷீலா அதைப் போர்டின் அடியில் கட்டி, டிஸ்டார்ஷனை மிதித்தாள். தந்தியைத் தொடும்வரை ஆம்ப்பில் சத்தமே இல்லை. ஆன் ஆகியிருக்கிறதா என்று பிரிட்டோ குனிந்து விளக்கைப் பார்த்தான்.

எகோ பிட்டுக்கு மட்டும் வழியில்லை. பெட்டி செய்வதைக் கையால் செய்துவிடலாம் என்று ஷீலா கணக்குப் போட்டாள்: சுரத்தை ஒருமுறை அழுத்தமாகத் தட்டி, உடனே அதையே சன்னமாக, பிறகு இன்னும் சன்னமாக. மகள் தூங்கப் போகும்வரை அதையே வாசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மேடைக்கு எதிரே போட்ட நாற்காலிகளில் பாதிப் பேர் பந்திக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். குத்துப்பாட்டு இரண்டும் அமர்க்களமாகப் போயின. பெண்ணின் தம்பிகள் ஆடிக்கொண்டே மேடையில் ஏறப் பார்த்தார்கள். பிறகு மெலடி. முதல் சுரத்தை ஷீலா சரியாகத்தான் தட்டினாள். மூன்றாவது வரியில் அவசரப்பட்டாள். ஒரு திரும்பல் விட்டுப்போயிற்று. கீபோர்டுகாரர் திரும்பிப் பார்த்து, அந்த ஓட்டையை ஒரு நீண்ட சுரத்தால் மூடினார். சரணத்துக்கு முன்னால் அதே பிட்டு இன்னொரு முறை வரும். அப்போது அவள் விரலைப் பார்க்கவில்லை, காதை மட்டும் நம்பினாள். வந்தது. பெட்டி தருவதுபோல் அச்சாக வரவில்லை. ஆனால் பாட்டுக்குப் பொருந்தி வந்தது. பாடிய பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரணத்தை எடுத்தாள்.

சாமான்களைக் கட்டும்போது சிட்டிபாபு வந்தார். "ஃபர்ஸ்ட்டு சொதப்பினியே, டென்ஷனா?"

"ஆமாண்ணா."

"ரெண்டாவது ஓகே. சவுண்டு நல்லா க்ளீனா கீது." பாக்கெட்டிலிருந்து பாக்கு எடுத்து வாயில் போட்டார். "அடுத்த மாசம் வண்டலூர்ல ஒண்ணு, ஊரப்பாக்கத்துல ஒண்ணு. டியூட்டி மாத்திக்க. ஆனா டிலே ஒண்ணு வாங்கிடு, எப்பவும் கையாலயே ஓட்ட முடியாது."

வீட்டுக்குப் போகும் வழியில் டிராஃபிக்கில் நின்றபோது பிரிட்டோ, "டியூட்டி மாத்திக்கன்னு அவரு பாட்டுக்குச் சொல்லிட்டாரு. பாப்பாவை யாரு பாத்துக்கறதாம்?" என்றான். கொஞ்ச தூரம் போனதும் அவனே, "சரி, நான் பாத்துக்கறேன்" என்றான்.

வியாழக்கிழமை ஷிஃப்டுக்கு நடுவில் கோகிலவாணி கூப்பிட்டாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் முழுக் கோபமாக இல்லை.

"ஏங்க, நான் உங்களுக்கு வித்தேன். நீங்க எதுக்கு அவர்கிட்ட திருப்பிக் குடுத்தீங்க? மூணு நாளா ஆபீஸ் விட்டு வந்ததும் உக்காந்துடறார். டொய்ங் டொய்ங்னு ஒரே சத்தம். இப்பதான் குழந்தையைத் தூங்க வைக்கறேன், அது எழுந்துக்குது."

ஷீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நல்லா வாசிக்கிறாரா மேடம்?"

"எனக்கு என்ன தெரியும்? குழந்தை அழாதப்ப நல்லாதான் இருக்கு."

"ஆம்ப்ல ஹெட்ஃபோன் மாட்டலாம் மேடம். வெளிய சத்தமே வராது."

"அப்படி ஒண்ணு இருக்கா? அவர் சொல்லவே இல்லையே."

"சொல்லமாட்டாங்க. வாசிக்கிறவங்களுக்குச் சத்தமா கேட்டாதான் பிடிக்கும். எங்க வூட்லயும் நான் சொல்லமாட்டேன்."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். எந்தக் கம்பெனி வாங்குவது, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். ஷீலா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான்காம் நம்பர் மெஷின் அலாரம் அடித்தது. "அப்புறம் பேசறேன் மேடம்" என்று ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.