பட்டியலில் பதினான்காவதாகக் குதிகால்

கடவுளைச் சரியான அளவில் வரைந்த முதல் மனிதன் நான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் வரைந்தவர்கள் எல்லோரும் அவரை ஆளுயரத்துக்கோ அதற்கு மேலேயோ வரைந்துவிட்டார்கள். நான் சாப்பாட்டுக் கரண்டி நீளத்துக்கு வரைந்தேன். கச்சிதமாக வந்தது.

ஓவியக் கல்லூரியில் எனக்குக் கடைசி வருடம். 'விசுவாசம்' என்ற தலைப்பில் ஒரு பெரிய படம் வரைந்து, அதை ஜனங்கள் நடமாடும் இடத்தில் ஒரு மாதம் மாட்டி வைக்க வேண்டும். வெளியிலிருந்து தேர்வாளர் அங்கேயே வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். தேறினால்தான் பட்டம். வகுப்பில் மற்றவர்கள் மெழுகுவர்த்தி, கூப்பிய கை, ஜன்னல் வழியே ஒளி என்று கிளம்பிவிட்டார்கள். நான் சர்ரியலிஸ்ட். அதாவது, கனவில் மட்டுமே நடக்கக்கூடியதை, பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி கூசாமல் வரைகிறவன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் அவரைப் பாரபட்சமில்லாமல் வரைய முடிகிறது என்று கல்லூரியில் பலருக்கும் விளக்கியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

படம் இதுதான். எட்டுக் கட்டில் போட்ட ஒரு ஆஸ்பத்திரி வார்டு. கூரையைப் பிளந்துகொண்டு ஒரு பிரம்மாண்டமான குதிகால் தரை வரைக்கும் இறங்கி நிற்கிறது. ஆள் யாரென்று தெரியாது. அவர் கூரைக்கு அந்தப் பக்கம். கீழே, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரண்டி அளவு இயேசு மண்டியிட்டு, ஒரு பேசின் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தக் குதிகாலைக் கழுவ ஆரம்பிக்கிறார். கடைசி விருந்தன்று சீடர்களின் காலைக் கழுவினாரே, அந்தக் காட்சிதான். முடிக்க அவருக்கு எப்படியும் நானூறு வருடம் பிடிக்கும். குதிகால் முழுக்க வெடிப்பு. இருப்பதிலேயே ஆழமான வெடிப்பில் ஒரு ஆறு ஓடுகிறது. அதில் ஒரு படகில் எள்ளு எள்ளாகப் பன்னிரண்டு சீடர்கள் துடுப்புப் போடுகிறார்கள்.

தேர்வுப் படிவத்தில் 'மாதிரி' என்ற கட்டத்தில் 'முழுவதும் கற்பனை' என்று எழுதினேன். நிஜத்தில் அது அம்மாவின் குதிகால். டியூட்டி முடிந்து வந்து, மதியம் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுத் தூங்குவாள். எதிரே ஸ்டூல் போட்டுப் பதினோரு நாள் பார்த்து வரைந்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஒரு சர்ரியலிஸ்ட் தன் அம்மா காலைப் பார்த்துக் காப்பியடித்தான் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுப் பணியாளர். அங்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஜெபக்கூடம் உண்டு. அம்மாதான் ஃபாதரிடம் பேசி அனுமதி வாங்கினாள். அவர் படத்தை நேராகப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"புரியல தம்பி," என்றார். "ஆனா அந்தச் சுவத்துல ஈரக் கறை ஒண்ணு இருக்கு. சரியா இந்த சைஸுதான். மாட்டிடுங்க."

நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது, ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி குதிகாலை விரல்நுனியால் தொட்டு, விரலை முத்தமிட்டாள். அடுத்து ஸ்ட்ரெச்சரில் போன ஒருவர், "ஒரு நிமிஷம் நிறுத்துங்க," என்று சொல்லிக் கையை நீட்டினார். இயேசுவை யாரும் தொடவில்லை. எல்லோருக்கும் குதிகால்தான். 'தொடாதீர்கள்' என்று அட்டை எழுதி மாட்டினேன். முதலில் அட்டையைத் தொட்டுவிட்டு அப்புறம் குதிகாலைத் தொட்டார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஏம்மா, அது ஆளிவிதை எண்ணெயும் கலர் பொடியும்மா. அதைத் தொட்டு முத்தம் குடுக்குறாங்க. வீட்ல ரெண்டு டியூப் மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போ. நேரா அதையே கொஞ்சட்டும்."

"உனக்கு ஏன்டா எரியுது? காலேஜ்ல உன் படத்தை யாராவது ஒருத்தர் தொட்டுப் பாத்திருக்காங்களா?"

"காலேஜ்ல இருக்கறவங்களுக்கு அறிவு இருக்கு."

"அதான் கேக்கறேன். ஒருத்தராவது?"

நான் நடித்துக் காட்டினேன். சோப்பு டப்பாவைத் தொட்டு, கண்ணை உருட்டி மூடி, விரலுக்கு ஒரு நீளமான முத்தம். அப்புறம் தண்ணீர்க் குடத்துக்கு ஒன்று. ஃபிரிட்ஜுக்கு ஒன்று. சுமாராக நடிக்கக்கூடியவன்தான். அம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்கு வயித்தைக் கிழிக்கப் போறோம்னு உன்னைப் படுக்க வச்சாத் தெரியும்," என்றாள்.

ஆனாலும் லிஃப்ட் இயக்குபவரிலிருந்து எக்ஸ்ரே எடுப்பவர் வரை எல்லோரிடமும், "என் பையன் வரைஞ்சது, முழுசா அவனே," என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்தது என் காதுக்கு வந்தது.

அப்புறம்தான் கிருமி சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரியில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவர். அடிக்கடி கை படுகிற இடங்களுக்கு அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. கதவுப் பிடி, லிஃப்ட் பொத்தான், கட்டில் கம்பி என்று பதின்மூன்று. ஒவ்வொன்றையும் அம்மா நாளுக்கு மூன்று வேளை கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஜெபக்கூடத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர், பேனாவை எடுத்துப் பதினான்காவதாக 'படம் - குதிகால்' என்று எழுதினார்.

உலகத்தில் எத்தனையோ பேர் மியூசியத்தில் இடம் பிடித்திருக்கலாம். கிருமிப் பட்டியலில் இடம் பிடித்த ஓவியன் நான் ஒருவன்தான். இந்தப் பெருமையில் இரண்டு வாரம் மிதந்தேன். அந்தப் பக்கமே போகவில்லை.

தேர்வாளர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போய்ப் பார்த்தால், படகில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

எண்ணெய் வண்ணம் உள்வரை காய ஆறு மாதமாகும். அதுவரை வார்னிஷ் பூச முடியாது. வார்னிஷ் இல்லாத படத்தை மூன்று வேளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் என்ன மிஞ்சும்? குதிகால் நடுவில் வெளுத்துப்போய் அடியில் கேன்வாஸ் துணியின் நெசவு தெரிந்தது.

"மூணு பேரைக் காணோம்மா!"

"எந்த மூணு பேரு?"

"படகுல இருந்தவங்க!"

"ஐயோ, அது ஆளா?" அம்மா வாயில் கையை வைத்தாள். "வெடிப்புக்குள்ள அழுக்கு ஏறிப்போச்சுன்னு நெனச்சு அந்த எடத்தை மட்டும் ரெண்டு தடவை அழுத்தித் தேச்சேன்டா."

"அழுக்கு இல்லம்மா. அப்போஸ்தலர்கள்."

திரும்ப வரைந்தால் இரண்டு நாளில் காயாது. தொடுகிறவர்கள் விரலெல்லாம் அப்போஸ்தலர் ஒட்டுவார்கள். ஒரே வழிதான் இருந்தது. "ரெண்டு நாள் துடைக்காதம்மா. கால்ல விழறேன். இதுல போச்சுன்னா பட்டமே போச்சு."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"முடியாதுடா ராசா. பரீட்சை உனக்கு மட்டும்தான். கிருமி அந்தப் பக்கம் போற எல்லாருக்கும். பதினொரு வருஷமா என் மாடியில கைப்பிடியால ஒருத்தருக்கும் தொத்து வந்ததில்ல. உன் படத்தாலயா வரணும்?"

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் அம்மையாருக்குக் கல்லூரியில் 'கத்தரிக்கோல்' என்று பெயர். போன வருடம் இரண்டு பேரை ஒரே வாக்கியத்தில் ஃபெயிலாக்கியவர். ஜெபக்கூடத்தில் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசுவாசம், கனவு, அளவு என்று பேசிக்கொண்டே போனேன்.

"படிவத்துல பன்னெண்டு சீடர்னு போட்டிருக்கு," என்றார். "ஒம்பதுதான் இருக்கு."

சரியாகப் பத்து மணி. அம்மா வாளியோடு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா. வேளை ஆயிடுச்சு."

அம்மா மண்டியிட்டாள். துணியை எட்டாக மடித்து, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், வந்த வழி திரும்பாமல் இழுத்தாள். ஒரு இழுப்புக்கு ஒரு மடிப்பு. அடுத்ததற்குப் புது மடிப்பு. அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாமல் துடைப்பதற்கு அதுதான் முறை. படகுப் பக்கம் வந்தபோது மட்டும் கை மெதுவானது. ஆனால் நிற்கவில்லை. பக்கத்திலேயே கரண்டி அளவு இயேசு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தரிக்கோல் படத்தைப் பார்க்கவில்லை. மண்டியிட்டிருந்த அம்மாவின் செருப்புக்கு வெளியே தெரிந்த குதிகாலைப் பார்த்தார். அப்புறம் படத்தை. மறுபடி கீழே.

"மாதிரி, முழுவதும் கற்பனைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம் மேடம்."

"உங்க கற்பனை ரப்பர் செருப்பு போட்டிருக்கு."

அம்மா திரும்பினாள். தன் காலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஆறு எங்கே வளைகிறது என்று விரலால் தன் குதிகாலில் தேடினாள். அங்கேதான் வளைந்தது.

"அடப்பாவி! என் காலா? இவ்வளவு பெருசாவா?" அவள் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருந்தா தேச்சிக் கழுவிட்டு வந்து படுத்திருப்பேனேடா! ஊரே பாக்குதே!"

கத்தரிக்கோல் படிவத்தை என்னிடம் நீட்டினார். 'முழுவதும் கற்பனை'யை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்து, மதிப்பெண் கட்டத்தை நிரப்பினார். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

"போன மூணு பேரைத் திரும்ப வரையாதீங்க," என்றார். பிறகு அம்மாவிடம், "படம் இங்கேயே இருக்கட்டும், நீங்க நிறுத்தாதீங்கம்மா. அடுத்த வருஷம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வந்து பாக்கறேன்."

"இது போனா அவன் வேற வரைவான் மேடம்," என்றாள் அம்மா. "எனக்கு இன்னொரு காலும் இருக்கு."

கத்தரிக்கோல் சிரித்ததைப் பார்த்த முதல் மாணவனும் நான்தான்.

அவர் போன பிறகு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவுப் பிடிக்குப் போனாள். நடை வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்தது. தாழ்வாரத்தில் அவள் குரல் கேட்டது: "லிஃப்ட்டண்ணே, அந்தக் கால் யாருதுன்னு கேளுங்களேன்!"

ஜெபக்கூடத்தில் நான் மட்டும். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. குதிகால் இன்னும் ஈரமாக இருந்தது. வெளுத்துப்போன இடத்தில் இரண்டு விரலை வைத்தேன். துணியின் நெசவு சொரசொரவென்று தட்டுப்பட்டது. விரலை உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

கிருமிநாசினி நல்ல கசப்பு.