நாக்போவுக்கு மாத்திரை

பேருந்தை விட்டு இறங்கிய தோன்யோ, வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிப் பிடித்தபடியே மேய்ச்சல்வெளியிலிருந்த தங்கள் கூடாரம்வரை நடந்து வந்து படுத்துவிட்டான். நகரத்து ஆஸ்பத்திரியில் அவன் ஈரலிலிருந்து ஒரு பெரிய நீர்க்கட்டியை எடுத்திருந்தார்கள். அவன் மனைவி பெமாகீ மூட்டையை வாசலிலேயே இறக்கி வைத்தாள். அவள் நன்றாகத் தூங்கி வெகுநாளாயிற்று.

வெளியே கொழுந்தன் நம்கியால், செத்த ஆட்டுக்கு நல்ல பிறவி வேண்டி மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே, குளிர்காலத்துக்கான ஆட்டை உரித்துக்கொண்டிருந்தான். ஆட்டின் ஈரலில் வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தன. அதை நாய் நாக்போவிடம் வீசக் கை ஓங்கினான்.

"போடாதே தம்பி."

"வந்ததும் வராததுமா என்ன அண்ணி? பனியில நின்னு ஓநாயை விரட்டுறவன். இது அவன் பங்கு."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அந்தக் கொப்புளத்தை நாய் தின்னா அது வயித்துல புழு வளருமாம். அது வெளிக்கிருக்கிறதுல முட்டை வருமாம். அதைத்தான் உங்கண்ணன் தெரியாம முழுங்கியிருக்காரு. நாய்க்கு மாசாமாசம் புழு மாத்திரை குடுத்தியா?"

நம்கியால் ஈரலை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான். வாற்கோதுமை மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்து நீட்டினான். கால்நடை மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் அத்தனையும் அதில் இருந்தன.

"புழுவும் உசுருதானே அண்ணி? ஒரு மாத்திரைக்கு எத்தனை சாகும்னு கேட்டேன். ஆயிரக்கணக்குலன்னு சிரிக்கிறாரு மனுஷன். எனக்குக் கை வரலை."

"ஆட்டைக் கொல்ல மட்டும் வந்துச்சாக்கும்."

"ஆடு ஒரு உசுரு. வீடே அதை வச்சுப் பசியாறுது. இது அப்படியா?"

கோபப்படக்கூட பெமாகீயிடம் தெம்பில்லை. அவன் கேட்பதில் தப்பும் தெரியவில்லை.

மகள் யாங்சோ அப்பாவின் வயிற்றுக் கட்டைப் பார்த்துப் பயந்து, வெளியே ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முகத்தை ரோமத்தில் புதைத்தாள். பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் பார்த்தார்கள். பெமாகீ எழுந்து போய் அந்த விரலை வெளியே இழுத்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். பிறகு மாவில் வெண்ணெய் பிசைந்து, நடுவே மாத்திரையை வைத்து உருட்டினாள். அந்தப் புழுக்களுக்கும் நல்ல பிறவி கிடைக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"பாவம் என்னைச் சேரட்டும் தம்பி. நீ தொட வேண்டாம்."

நம்கியால் அருகில் வந்தான். கையைக் கழுவிவிட்டு, உருண்டையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"உங்க கையில வாங்க மாட்டான், துப்பிடுவான். பாதி பாவம் எனக்கும் இருக்கட்டும்."

நாயின் தாடையைப் பிடித்து விழுங்க வைக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. நாயைக் கட்டிப்போட்டான். தொடையில் நல்ல கறியாக அரிந்து அதற்கு வைத்தான். பிறகு ஈரலைப் புதைக்க உறைந்த மண்ணைக் கொத்தத் தொடங்கினான்.

"குழந்தை கையைக் கழுவுனியா?" உள்ளேயிருந்து தோன்யோ கேட்டான்.

"கழுவிட்டேன். நீங்க தூங்குங்க," என்றாள் பெமாகீ.