பெர்னில்லா சோடித்த அறை

விற்கப்போகும் வீடுகளைச் சோடித்துக் கொடுப்பதுதான் பெர்னில்லாவின் பிழைப்பு. நொர்ஷோப்பிங் ஊரில் அவள் கைபடாமல் நல்ல வீடு எதுவும் விலைக்கு வராது. இல்வாவின் வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த போட்டோக்களைக் கழற்றினாள். அங்கிருந்த பச்சை சோபா பார்ப்பவர் கண்ணை உறுத்துமாம். அதைக் கிடங்குக்குத் துரத்திவிட்டு, யாரும் சாய்ந்தறியாத வெள்ளை சோபா ஒன்றை வாடகைக்கு இறக்கினாள். மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். யார் தின்னப் போகிறார்களோ! ஆனாலும் சாயங்காலம், மார்ச் மாத வெயில் புதுத் திரைகளில் ஊறி உள்ளே வந்தபோது, இல்வாவுக்கு வேறு யாருடைய கனவுக்குள்ளோ வெறுங்காலோடு நுழைந்துவிட்டது போலிருந்தது.

கடைசியில் இருந்த சின்ன அறையைத் திறந்தாள்.

பழைய சாமான்களைப் போட்டு வருஷக்கணக்காக மூடிவைத்திருந்த அறை அது. இப்போது அங்கே ஒரு குட்டிக் கட்டில், துணி முயல், கூரையிலிருந்து தொங்கி மெல்லச் சுழலும் காகிதப் பறவைகள்.

"இதையெல்லாம் எடுத்துடுங்க."

"ஐயோ, குழந்தை ரூம் இருந்தாத்தான் வீடு சட்டுனு போகும்!" என்றாள் பெர்னில்லா. "வர்றதுல பாதிப்பேர் வயித்துல புள்ளையோட வருவாங்க. உங்களுக்கென்ன, அன்னைக்கு நீங்க இங்க இருக்கவா போறீங்க?"

வீட்டைப் பார்க்க ஆள் வரும் நாளில் சொந்தக்காரர்கள் வெளியே போய்விடுவதுதான் அங்கே மரியாதை. ஏழு வருஷத்துக்கு முன்னால், பிரசவத்துக்குச் சில வாரம் இருக்கும்போது வயிற்றிலேயே போய்விட்ட குழந்தைக்காக ஒழித்துவைத்த அறை அது என்று இவளிடம் எப்படிச் சொல்வது? கணவன் ஹோக்கானோடுகூட இல்வா அதைப் பேசியதில்லை. பேசாமல் இருந்தே பழகி, பழக்கம் முற்றி, இப்போது விவாகரத்தில் வந்து நிற்கிறது. வீடு போனால் போகட்டும். ஹோக்கான் மட்டும் இந்த அறையைப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் தாங்கமாட்டான்.

அவன் எங்கே வரப்போகிறான் என்று தேற்றிக்கொண்டாலும், ஆள் வரும் ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டு, எல்லோரையும் போல ஷூவுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனாள். தரகர் காப்பி ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார். வீடெங்கும் பட்டை போட்ட பன் வாசனை. கனவில் நடப்பது போலக் காலோசையே இல்லாமல் ஜனங்கள் நகர்ந்தார்கள்.

சின்ன அறையில், கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஹோக்கான் நின்றுகொண்டிருந்தான். அவனும் நீல உறையோடுதான் வந்திருந்தான். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்.

"உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று அவனைக் கேட்டாள்.

"ஒரு பொண்ணு," என்றான் ஹோக்கான். "ஏழு வயசு."

இல்வா திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"முன்பல்லு விழுந்திருக்கு," என்றாள் வாசலிலிருந்தே.

ஹோக்கான் திரும்பிப் பார்த்தான். திடுக்கிடவில்லை, அவளுக்காகவே காத்திருந்தவன் போலிருந்தான்.

"பனியில ஸ்கீ கட்டிவிட்டா விழுந்து விழுந்து சிரிப்பா," என்றான். "சொன்ன பேச்சு மட்டும் கேக்கவே மாட்டா."

"அது உன்னை மாதிரி."

"பிடிவாதம் யாரு மாதிரியாம்?"

காகிதப் பறவைகள் சுழன்றன. அந்தக் கட்டிலில் ஒருத்தி ஏறிக் குதிப்பதை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரென்ன?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அல்மா," என்றான் அவன்.

"சிக்ரிட்," என்றாள் இவள், அதே நொடியில்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஒருத்திக்கே ரெண்டு பேரா! கொடுத்து வச்சவ."

இருவரும் வெளியே வந்தார்கள். கீழே இறங்கும் மாடிப்படியில் ஷூ உறையைக் கழற்றக் குனிந்த ஹோக்கான் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "சிக்ரிட்டா? எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"நீ சொன்னியா?"

அவன் வாய்விட்டு அழுதான். அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். வீடு பார்க்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள்.

"அல்மா சிக்ரிட்," என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தான் ஹோக்கான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் இல்வா.