சன்னாசியின் மார்பளவு வெள்ளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு மார்கழி வெள்ளம் மலாயாவின் பேராக் முழுவதும் வடிந்துவிட்டது; சன்னாசியிடம் மட்டும் வடியவில்லை. கிந்தா ஆற்றோர ரப்பர் தோட்டத்தில் வாழைத்தண்டுத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு நீந்தி, கூலி லயத்துச் சனங்களையும், சனங்களுக்கு முன்னதாக வெள்ளைக்காரத் துரையின் கிராமபோனையும் கரை சேர்த்தவன் அவன். அன்றிலிருந்து அவன் எங்கே நின்றாலும் அவனைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மார்பளவு தண்ணீர் நின்றது. பழுப்பு நிறம், லேசான சேற்று வாடை. படுத்தால் மூழ்கிவிடுவான் என்பதால் மனைவி நல்லம்மாள் அவனைத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தூங்கப் போவாள். துரை அவனுக்கு ஒரு பதக்கம் குத்தி, வீரத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். மறு மாதமே பதக்கத்தில் பாசி பிடித்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்தார், காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் கொய்னா மாத்திரையே கொடுத்துப் பெயர் எடுத்தவர். சன்னாசிக்கும் அதையே கொடுத்தார். "உனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெள்ளம் வத்தி ரெண்டு வருஷமாச்சுது, கண்டியோ" என்று சொல்லிவிட்டு, நனைந்த தன் கால்சட்டையைப் பிழிந்தார்.

சன்னாசிக்குத் தண்ணீர்கூடப் பழகிவிட்டது. தொல்லை வேலையில்தான் வந்தது. ஈரப்பட்டையில் சீவினால் ரப்பர் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வழிந்துவிடும். அவன் நெருங்கிய மரமெல்லாம் நனைந்தது, பால் பிடிக்கும் மங்கு காலியாகவே கிடந்தது. வேலைக்கு ஆகாதவனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவது தோட்டத்து வழக்கம். வியாழக்கிழமை ஈப்போ ரயிலடிக்கு லாரி என்று கங்காணி பிச்சைமுத்து சொல்லிவிட்டான். சீட்டு சன்னாசிக்கு மட்டும்தான். நல்லம்மாளுக்கு இங்கே வேலை இருந்தது.

வியாழன் விடியலில், ஆள் எண்ணும் பெரட்டில், சன்னாசி தனியே நின்றான். நனைந்துவிடும் என்று யாரும் அவனருகே நிற்பதில்லை. அவன் தெப்பத்தில் கரை சேர்த்த மங்களம் வரிசையை விட்டு வந்து ஒட்டி நின்றாள்.

"நனையாதே தங்கச்சி, வேலைக்குப் போகணும்."

"அவ்வளவு தண்ணியையும் நீங்களே வெச்சுக்கிட்டா எப்பிடிண்ணே? கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கலா."

தண்ணீர் அவள் இடுப்புவரை ஏறியது. சன்னாசிக்கும் இடுப்புக்கு இறங்கியது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவன் நெஞ்சில் காற்றுப் பட்டது.

"ஐயோ, என்னா சில்லுன்னு இருக்கு!" என்று முனகியபடியே பக்கத்து அறை அர்ச்சுனனும் வந்து சேர்ந்தான். "இதுல மீன் கீன் உண்டா மச்சான்?"

பிறகு லயமே வந்தது. கடைசி ஆளும் சேர்ந்தபோது தண்ணீர் எல்லாருக்கும் கணுக்காலில் நின்றது. டிரஸ்ஸர் நோயாளியைத் தேடி வரிசை நெடுக நடந்து பார்த்துவிட்டு, எவனைக் கப்பலேற்றுவது என்று துரையைக் கேட்டார். தோட்டம் முழுவதையும் கப்பலேற்றினால் கடைசியில் தன்னையும் ஏற்றிவிடுவார்கள் என்று துரைக்குப் புரிந்தது; எல்லாரையும் மரத்துக்கு விரட்டினார். கணுக்கால் ஈரம் வெட்டுக்கோட்டை எட்டவில்லை, பால் ஒழுங்காக ஓடியது. அன்று பகல், தலைக்கு ஒரு பலகையை வைத்துக்கொண்டு சன்னாசி படுத்துத் தூங்கினான்.

அந்தத் தோட்டத்துப் பெண்கள் பங்குனி வெயிலிலும் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தே நடப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அறையும் சீவுகத்தியும் காட்டும் கையோடு, அவன் பங்குத் தண்ணீரையும் கொடுத்துவிடுவார்கள்.