என் குரலுக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

'ஐஸ்பெட்டி' என்ற எலெக்ட்ரானிக் இசைக்குழு கடலூர் முதுநகரில்... [வேண்டாம். இப்படித் தொடங்கினால் விளம்பரம் போலிருக்கிறது. அவர்களுக்கு இனிமேல் என் விளம்பரம் ஒரு கேடா?]

2

குழு என்றால் இரண்டே பேர். என் மனைவி அமராவதியின் தம்பி மணிவண்ணன், அவனுடைய சிநேகிதி பூஜா. எங்கள் வீட்டுக் கீழறையில்தான் ஆரம்பித்தார்கள். விசைப்படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் மெஷின், மீன் ஏலம் விடுகிறவரின் தொண்டை எல்லாவற்றையும் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் நறுக்கித் தாளமாக அடுக்குவார்கள். மாடியில் நான் என் நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் படியில் இறங்கிவந்து கத்தினேன்.

"டேய், நிறுத்துங்கடா!"

மைக்கில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

3

மிச்சம் உங்களுக்கே தெரியும். ஏதாவது கல்யாண மண்டபத்தில் நீங்களும் ஆடியிருப்பீர்கள். எஞ்சின் தடதடவென்று ஏறும், சட்டென்று எல்லாம் அடங்கும், என் குரல் கத்தும், மறுபடியும் எஞ்சின் இடிக்கும். தமிழில் இப்படி ஒரு சத்தம் இதுவரை வந்ததில்லை என்று எழுதினார்கள். சென்னை, பெங்களூர், பெர்லின் என்று போனார்கள். என் நாவல் வடலூர் வரை போயிற்று, அதுவும் நானே தூக்கிக்கொண்டு போனதால். ஊர் முழுக்க மனப்பாடமாகச் சொல்லும் என் ஒரே வரி, நான் எழுதாத வரி.*

* வயிறு எரிகிறது. அடிக்குறிப்பில் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்குமென்று நினைத்தேன். இல்லை.

4

இந்த இடத்தில் மணிவண்ணனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். 'புகழ் வந்ததும் அவன் அக்கா வீட்டுப் பக்கமே' என்று எழுதி அடித்துவிட்டேன். ஊரிலிருந்தால் வஞ்சிரத்தோடு வந்து நிற்கிறான். போன வாரமும் வந்தான்.

"மாமா, சனிக்கெழம சிதம்பரத்துல ப்ரோக்ராம். நீங்க ஸ்டேஜ்ல ஏறி நேர்லயே கத்தணும்."

"அதான் மெஷின்ல இருக்குதேடா."

"தூக்கிட்டேன் மாமா. அந்த எடத்த சும்மா வுட்டிருக்கேன்."

"நான் வரலன்னா?"

"சும்மாவே இருக்கும்."

அமராவதி மீனை அலசிக்கொண்டே, "அவர எதுக்குடா கெஞ்சுற? நீயே கத்திட்டுப் போயேன்" என்றாள்.

"அவுரு மாதிரி முடியாதுக்கா. மாமா நெஜமாவே கடுப்புல கத்தினாரு."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். நான் போகவில்லை, பாட்டு நொண்டுகிறது, எனக்கு இனிக்கிறது. அல்லது போகிறேன், கத்துகிறேன், மூவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். [எனக்கே கூசுகிறது.] அல்லது மைக்கைப் பிடித்து என் நாவலின் முதல் பத்தியை வாசிக்கிறேன். இதை நான்கு விதமாக எழுதினேன்.

கடைசியில் போய்விட்டேன். சிதம்பரத்தில், மேடையில், கையில் மைக்கோடு நிற்கிறேன். எஞ்சின் ஏறுகிறது. அதை இவ்வளவு பக்கத்தில், கோபமில்லாமல் நான் கேட்டதே இல்லை. நன்றாக இருக்கிறது. பாவிகள், ரொம்ப நன்றாக இருக்கிறது.

எல்லாம் அடங்கிவிட்டது. பூஜா என்னைப் பார்த்துத் தலையசைக்கிறாள். மணிவண்ணன் கையை பட்டனுக்கு மேலே வைத்துக் காத்திருக்கிறான். நிறுத்தச் சொல்லி நான் கத்த வேண்டும். எனக்கோ அது நிற்கவே கூடாதென்று இருக்கிறது.

வாயைத் திறந்துவிட்டேன். கடுப்பைக் காணோம்.

உங்களுக்குத்தான் அந்த வரி மனப்பாடமாயிற்றே. கத்துங்கள்.