ஓடையில் விட்ட கம்பளி

ஓடைப் பாறையைப் பார்த்ததும் மாரியாயி நின்றுவிட்டாள். முந்தாநாள் காலையில் அந்தப் பாறையில் சிக்கி நின்ற கருப்புக் கம்பளியைக் காணவில்லை. சிக்கியதை அவள் பார்த்தாள். மழைத் தண்ணீர் வந்தால் தானாகப் போய்விடும் என்று திரும்பிவிட்டாள். இரண்டு நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. தண்ணீர் கொண்டுபோகவில்லை என்றால் மனுஷக் கைதான் எடுத்திருக்க வேண்டும்.

இலங்கையில் லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசல் கூட்டுகிறவள் மாரியாயி. ரயில் பாதை பண்டாரவளையைத் தாண்டி இன்னும் வராத காலம் அது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொம்பு ஊதி எல்லாரும் மலைக்குப் போன பிறகு இவள் வேலை ஆரம்பிக்கும். அடுப்புச் சாம்பல், பலாச் சக்கை, கிழிந்த சாக்கு, செத்த கோழி என்று எல்லாவற்றையும் கூடையில் அள்ளி, மேல் லயத்துக்குப் பின்னால் வெட்டிய குழியில் கொட்டி, மேலே ஒரு கூடை மண் போடுவாள். அவள் குழியில் ஈ மொய்த்தது என்று யாரும் சொன்னதில்லை. சின்ன வயதிலேயே அம்மை வந்து முகமெல்லாம் தழும்பாகிப் போனவள். ஒரு தடவை வந்தவளுக்கு மறுபடி வராது என்பதால், அம்மை கண்ட வீட்டுக் குப்பை எல்லாம் அவள் தலையில்தான் விழும்.

மேல் லயத்துக் கந்தப்பனுக்கு அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. மருந்துக்கார ஐயா தம்பையா யாழ்ப்பாணத்து ஆள். எட்ட நின்று மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"பாய், கம்பளி, வேப்பிலை எல்லாத்தையும் குழியில போட்டு எரிச்சுப்போடு. தண்ணியில ஒண்டும் விடக்கூடாது. விளங்குதோ?"

"ஆமாங்க" என்றாள். குழிவரைக்கும் கொண்டும் போனாள், கொள்ளிக்கட்டையும் எடுத்துப் போனாள். ஆனால் கை போகவில்லை. அம்மா வந்து உட்கார்ந்த பாய்க்கு நெருப்பு வைப்பதா? அதுவும் அவள் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறவள் வைப்பதா? ஊரில் அம்மை இறங்கினால் அம்மா இருந்ததை எல்லாம் ஓடுகிற தண்ணீரில் விட்டுக் கும்பிட்டு அனுப்புவார்கள். இவளும் அப்படியே அனுப்பினாள். பாயும் வேப்பிலையும் சமர்த்தாகப் போயின. பாழாய்ப்போன கம்பளிதான் நின்றது.

இப்போது ஓடையோரமாகக் கீழ் லயத்துக்கு ஓடினாள். ஓட ஓட ஒரே நினைப்பு: யாராவது கிழவன் எடுத்திருக்கட்டும், அம்மைத் தழும்பு உள்ள கிழவனாக இருக்கட்டும்.

கடைசி வீட்டு வாசலில், வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் பெரியாயி. பிள்ளை பெற்று இன்னும் மாதம் ஆகவில்லை. மடியில் பச்சைப்பிள்ளை. பிள்ளையைச் சுற்றி அந்தக் கம்பளி.

"வாங்கக்கா. இதப் பாருங்க, ஆத்துல வந்துச்சு. புதுசாட்டம் இருக்கு. நேத்து பூரா வெயில்ல காயப்போட்டு, இன்னிக்கு வெடிஞ்சதும்தான் போத்துனேன்."

மாரியாயிக்கு ஒரு பொய் தயாராக வாய்க்குள் வந்தது. என் கம்பளிதான் புள்ள, குடு என்று வாங்கிக்கொண்டு போய்க் கொளுத்திவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் போக்கிடம் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கமும் அவளுக்கு ஆள் இல்லை. ஆனால் அம்மைச் சீலை பட்டவர்களுக்கு உடனே அம்மைப்பால் குத்தினால் பிழைக்க வழியுண்டு என்று தம்பையா ஒருமுறை சொன்னதும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. பொய் சொன்னால் இந்தப் பிள்ளைக்கு யார் குத்துவார்கள்?

"பெரியாயி, அத எறி. அது கந்தப்பன் படுத்த கம்பளி. எரிக்கச் சொன்னாங்க. நான்தான் ஆத்துல விட்டேன்."

பெரியாயி கம்பளியை உதறித் தள்ளினாள். பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைக்கப்போனவள், அணைக்கலாமா என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்தியபடியே நின்றாள். அந்த நிற்பைப் பார்த்த மாரியாயிக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

மாரியாயி போய்ச் சொன்னதும் தம்பையா ஓடிவந்தார். தாயின் கையில் கப்பலேறும் முன் குத்திய தழும்பு இருந்தது. பிள்ளையின் கையில் அப்போதே குத்தினார். கம்பளிக்கு அவரே நெருப்பு வைத்தார். பிறகு மாரியாயியைப் பார்த்து, "உன்னை நம்பினன் நான்" என்று மட்டும் சொன்னார். பெரிய கங்காணிதான் தோட்டம் அதிரக் கத்தினார்.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒம் பேரு செக்ரோல்ல இருக்காது!"

தாயையும் பிள்ளையையும் ஓடைக்கு அப்பாலிருந்த அம்மைக் கொட்டகையில் பதினாறு நாள் வைக்க உத்தரவாயிற்று. கூடப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேறு யார் துணிவார்கள்? மாரியாயி கேட்காமலே போனாள்.

பெரியாயி அவளிடம் பேசவில்லை. கஞ்சியை வைத்தால் குடித்தாள். தினமும் வெயில் ஏறியதும் பிள்ளையை அம்மணமாக்கி, கழுத்து மடிப்பு, அக்குள், உள்ளங்கால் என்று இருவரும் ஒரு விரற்கடை விடாமல் பார்த்தார்கள். ஐந்தாம் நாள், குத்திய இடத்தில் ஒரு கொப்புளம் எழுந்தது. அது வரவேண்டியதுதான் என்று தம்பையா வேலிக்கு அப்பால் நின்று சொன்னார். எட்டாம் நாள் உடம்பு சுட்டது. அதுவும் அம்மைப்பாலின் சூடாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார்கள். பதினோராம் நாள் முதுகில் ஒரு சிவப்பு. மாரியாயி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். 'தாயே, ஒன்னச் சுடக்கூடாதுன்னுதானே தண்ணியில விட்டேன், அதுக்கா பச்சைப்புள்ள மேல வந்து உக்காருற?' என்று மனதுக்குள் சண்டை போட்டாள். மறுநாள் சிவப்பு மறைந்தது. கொசுக்கடி.

பதினேழாம் நாள் காலை தம்பையா உள்ளே வந்து பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கையில் காய்ந்த பொருக்கு ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. "இனிப் போகலாம்" என்றவர், கொட்டகையில் கிடந்த பாயையும் சீலைகளையும் காட்டி மாரியாயியைப் பார்த்தார்.

மாரியாயி கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, எல்லாவற்றையும் வாரிப் போட்டாள். வாசலில் செருகியிருந்த வேப்பிலையையும் உருவிப் போட்டாள். கொள்ளியையும் வைத்தாள்.

பெரியாயி பிள்ளையைப் புதுச் சீலையில் சுற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். அக்கரை ஏறியவள் நின்று திரும்பினாள். பதினாறு நாளுக்கு அப்புறம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எல்லாம் வெந்துச்சான்னு நின்னு பாத்துட்டு வாங்கக்கா."

மாரியாயி நின்றாள். நெருப்பு அணைந்து, புகையும் அடங்கிய பிறகு, குச்சியால் சாம்பலைக் கிளறினாள். ஓரத்தில் கால்சாண் அகலத்துக்குக் கருகாத ஒரு பாய்த்துண்டு கிடந்தது. அதை எடுத்து நடுவில் போட்டு மறுபடி கொளுத்தினாள்.