மாரியின் வாயிலில் ஒரு பால்மானி

கீழ்வானம் வெளுத்து, வில்லாபுரத்து மாடிகளின்மேல் குந்தியிருந்த நீர்த்தொட்டிகள் ஒவ்வொன்றாக உருவம் காட்ட, அவனியாபுரத்துப் பட்டறைகளில் இரும்போடு இரும்பு பேசத் தொடங்குமுன்னரே, பங்குனி வெயில் தன் கடையைத் திறந்து வைத்துவிட்டது. தாழ்ந்து இறங்கிய வானூர்தி ஒன்றின் நிழல், வறண்ட கண்மாயின் வெடித்த வயிற்றைத் தடவி, கரையிலிருந்த மாரியின் சிறுகோயிலைத் தாண்டி, மஞ்சளாடை உடுத்து வேப்பிலை செருகிப் பால்குடம் சுமந்து நின்ற பெண்டிரின் தலைமேல் ஊர்ந்து போயிற்று. வானூர்திக்கேனும் இறங்க ஓரிடம் உண்டு. அப்பெண்டிரின் குடங்களுக்கு அதுவும் இல்லை. நேர்ந்து சுமந்த குடத்தை மாரியின் முன்னன்றி மண்ணில் இறக்குதல் ஆகாது என்பது அவ்வூர் வழக்கு. பிற ஆண்டுகளில் இந்நேரம் ஆறுபோல் உள்ளே பாய்ந்திருக்கும் வரிசை, அன்று கால்மாற்றிக் கால்மாற்றி, வெந்த மணலில் விழுந்த புழுப்போல் நெளிந்து நின்றது.

கற்றறிந்த அன்பரே, வாயிலை அடைத்து நின்றவர் யாரெனில், விழாக்குழுத் தலைவர் அழகுமலையார் என்க. மனை விற்று வளம் கண்டவர். கண்மாய்க்கு நீர் கொணர்ந்த கால்வாயை மண்ணிட்டு மேடாக்கி, அதற்கு ஆற்றோர நகர் எனப் பெயரிட்டு, ஆறில்லாக் குறையை வண்ணப் பலகையில் ஆறு வரைந்து தீர்த்தவர். கண்மாய் ஏன் வறண்டது என ஊர் கூடி ஆராய்ந்தபோது, “சென்ற ஆண்டு அம்மன் மேனியில் வழிந்தது பாலன்று, நீர், பாலில் நீர் மிகுந்ததால் கண்மாயில் நீர் குன்றிற்று” என்று அவர் முழங்கினார். அவரிடம் மனை வாங்கியோர் எல்லாம் ஆமென்றனர். வாங்காதோர் மிகச் சிலரே. அத்தீங்கு இனி நேராதிருக்க அவர் வாங்கி வந்ததே பால்மானி.

அடியில் ஈயக் குண்டுகளை விழுங்கிய வயிறும், மேலே கோடுகள் பொறித்த மெல்லிய கழுத்துமுடைய அக்கண்ணாடிக் குழல், நீர்த்த பாலில் நாணினாற்போல் ஆழும். செறிந்த பாலில் தருக்கினாற்போல் எழும். ஆயினும் கறந்த சூடு ஆறாத பாலும், ஆடை செழித்த பாலும் இயல்பாகவே செறிவு குறைந்தவை ஆதலின், நீர் கலவாதிருந்தும் அவற்றில் அது ஆழ்ந்துபோம். ஆறிய பாலுக்கே தன் சொல் செல்லும் என்று அதன் கழுத்திலேயே எறும்பு ஊர்ந்தாற்போல் எழுதியிருந்தது. அதைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். ஒலிவாங்கி முன் நிற்கும் தலைவருக்கோ மூக்குக்கண்ணாடி முதுமை காட்டும்.

முதற்குடம் அவர் மனையாள் முருகம்மாளுடையது. முன்னாளே ஆடையை வழித்து நெய்க்கு ஒதுக்கி, குறைந்த இடத்தைக் குழாய்நீரால் நிரப்பி, குளிர்பெட்டியில் காத்து வைத்த பால் அது. ஆடை போனதால் ஏறிய செறிவை நீர் வந்து இறக்க, ஒரு களவை மறு களவு கைகொடுத்துத் தூக்க, பால்மானி உரிய கோட்டில் அசையாது நின்றது. “அடர்த்தி அம்புட்டும் கரெக்ட்டு!” என்று தலைவர் அறிவிக்க, முருகம்மாள் எவர் கண்ணையும் பாராமல் உள்ளே விரைந்தாள். பின்வந்தோரில், விடியலில் கறந்து வந்தோர் எல்லாம் தோற்றனர். கடைப்பால் உறையைக் கத்தரித்து ஊற்றி வந்தோர் எல்லாம் வென்றனர்.

அடுத்து நின்றவள் முத்துமீனா. கார்த்திகையில் தன் மகள் அஸ்வினி காய்ச்சலில் கண்திறவாது கிடந்தபோது, ‘என் பசுவை என் கையால் அன்றே கறந்து, ஒன்றும் கலவாமல் கொண்டுவந்து ஊற்றுவேன்’ என்று மாரிக்கு நேர்ந்தவள். மகள் எழுந்துவிட்டாள், கடன் நின்றது. காலைப் பால்முழுக்கு முடிந்து திரை விழுந்தால், அடுத்த ஆண்டுவரை அது நிற்கும். அதுவரை மகள் தும்முந்தோறும் தாயின் நெஞ்சு நிற்கும். அவள் நாத்தனார் இசைவாணி குடத்திலிருந்து முகந்து ஊற்றிய பாலில், பால்மானி கழுத்தளவு மூழ்கிற்று.

“பாதிக்குப் பாதி தண்ணி, தங்கச்சி.”

“அண்ணே, இப்பத்தேன் கறந்தேன். தொட்டுப் பாருங்க, சூடுகூட ஆறல.”

“டீயும்தான் சூடா இருக்கு. அதுல தண்ணி இல்லையா?”

கூட்டம் நகைத்தது. இசைவாணி பொறுத்திலள். “எங்க தெருக் கொழாயில தண்ணி வந்து வாரக்கணக்காச்சு, தலைவரே! கலக்கணும்னாலும் ஒங்ககிட்டத்தேன் தண்ணி லாரி கேக்கணும்!”

“லாக்டோமீட்டர் பொய் சொல்லாதும்மா. கடையில பாக்கெட் பாலு வாங்கிட்டு வாங்க. அடுத்த ஆளு!”

உள்ளே உடுக்கை விரைந்தது. “திரை போடப் போறேன், வர்றவுக வாங்க!” என்று பூசாரி குரல் எழுந்தது. குடத்தை இறக்கவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல், தேநீர்க்கடைப் பந்தலின் நிழலுக்கும் கோயில் வாயிலுக்கும் இடையே முத்துமீனா கன்றைத் தொலைத்த பசுப்போல் உழன்றாள். கடைக்காரன் கருப்பு, பாலை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

“ஏம்மா அலமோதுற? ரெண்டு கை சீனியப் போட்டுக் கலக்கு. கண்ணாடி தவளையாட்டம் மேல வந்து நிக்கும். எம் பால்காரன் எனக்குச் செய்யிற வேலைதேன். அவன் தண்ணி ஊத்திட்டுப் போடுவான். நீ ஊத்தாமப் போடு.”

“ஒண்ணும் கலக்க மாட்டேன்னு நேர்ந்திருக்கேண்ணே.”

“அப்ப அடுத்த பங்குனிக்கு வா.”

“மதினி, பூசாரி திரையில கைய வச்சுட்டாரு!” என்று இசைவாணி தவித்தாள்.

அன்பரே, நீர் கலந்தோர் உள்ளே நீராட்டிக்கொண்டிருக்க, கலவாதாள் கலப்பதா வேண்டாவா என்று வெயிலில் நின்றாள். கலந்தால் சொல் கெடும். கலவாவிடில் கடன் நிற்கும். குடம் தளும்பி ஒரு துளி நெற்றியில் வழிந்தது. “போடு, இசை” என்றாள், கண்களை இறுக மூடிக்கொண்டு.

வாயிலில் மீண்டும் முகந்தனர், மீண்டும் குழலை இட்டனர். பால்மானி முருகம்மாளின் பாலில் நின்றதைவிட ஒரு விரல் உயர எழுந்து, அவையில் கவி பாட எழுந்த புலவன்போல் நிமிர்ந்து நின்றது. அழகுமலையார் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டார்.

“பாத்தீங்களா! கண்டிச்சாத்தேன் சுத்தம் வரும். இந்தா, இதுதான் பாலு! வழி விடுங்கப்பா!”

விழவிருந்த திரை நின்றது. முத்துமீனா ஓடினாள். குடத்தைக் கவிழ்த்து, வெண்மை கல்மேனியில் வழிய வழிய, அடுத்திருந்த நாத்தனாருக்கு மட்டும் கேட்குமாறு முணுமுணுத்தாள்: “ஆத்தா, பாலு என்னுது. சீனி தலைவரோடது. அத அவரு பேருலயே வச்சுக்க.”

அன்று மாலை, பால் வழிந்தோடிய வாய்க்காலிலிருந்து மாரியின் திருவடிவரை எறும்புகள் கரிய நூல்போல் அணிவகுத்தன. அதனைக் கண்ட தலைவர் மெய்சிலிர்த்து, “இந்த வருசம் பாலு அம்புட்டு சுத்தம், எறும்பே தேடி வருது!” என்று எட்டுத் திக்கும் முழங்கினார். தொழுவத்தில் குனிந்து கறந்துகொண்டிருந்த முத்துமீனாவின் செவியிலும் அது விழுந்தது. சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பொய்யை மெய்யென்று வாழ்த்தி அனுப்பும் வாயில், மெய்யையும் சிறிது பொய் சுமக்கச் செய்தே உள்ளே விடுகிறது. சுமந்து கடந்தவர்க்கோ, குடம் இறங்கிய பின்னும் தலை கனக்கிறது.